பற்றரி விளக்கு எரிந்தால் பற்றரிதான் பிழையா?

ஒரு காலத்தில் வாகனம் என்றாலே அது ஆண்களின் விடயம் என்றிருந்த எமது ஊர்களில் இன்று பெண்கள் ஸ்கூட்டியிலும் காரிலும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்று வருவது சாதாரண காட்சியாகிவிட்டது. முச்சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் சகோதரிகளும் எம்மிடையே உள்ளனர். ஓட்டுவதற்குக் கற்றுக் கொண்ட நாம், அந்த வாகனம் எம்மிடம் ஏதேனும் சொல்ல முற்படும்போது அதனை விளங்கிக் கொள்ளக் கற்றிருக்கின்றோமா? இக்கேள்வியை நான் என்னிடமே கேட்க நேர்ந்தது ஒரு மழை இரவில்தான்.

அது 2018ஆம் ஆண்டு மார்கழி மாதம். மட்டக்களப்பில் மாரி மழை விடாது பெய்து கொண்டிருந்தது. இரவு பத்து மணியளவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. ஆரையம்பதிக்கு அப்பாலுள்ள எமது கிராமத்திலிருந்து நகரத்து வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். என்னிடம் ஒரு பழைய சிறிய கார் இருந்தது. அம்மாவைப் பின் ஆசனத்தில் சாய்த்து வைத்து, தங்கையை அருகில் இருத்திவிட்டுக் காரைக் கிளப்பினேன். கார் சற்றுத் தயங்கியே உயிர் பெற்றது. டாஷ்போட்டில் பற்றரி வடிவிலான சிறிய சிவப்பு விளக்கு எரிந்து கொண்டிருந்தது. அது எனக்குப் புதிதல்ல. இரண்டு நாட்களாகவே பாடசாலைக்குப் போய் வரும்போது எரிந்து கொண்டுதான் இருந்தது. கார் ஓடுகின்றதுதானே, சனிக்கிழமை கராஜுக்குக் கொண்டு போகலாம் என்று இருந்துவிட்டேன்.

ஹெட்லைற், மழைத் துடைப்பான், கண்ணாடியின் ஆவியைப் போக்கும் காற்றாடி அனைத்தும் வேலை செய்து கொண்டிருந்தன. காத்தான்குடியைத் தாண்டும்போது ஹெட்லைற்றின் வெளிச்சம் மஞ்சளித்தது. துடைப்பான் மெதுவாக அசைந்தது. கல்லடிப் பாலத்துக்கு முன்பாகவே கார் இரண்டு தரம் உதறி நின்றுவிட்டது. மீண்டும் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்ற ஒரு சத்தம் மட்டுமே கேட்டது. அந்த இருட்டில் அம்மாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி நான் நின்ற நிமிடங்களை இன்று நினைத்தாலும் உடல் சில்லிடுகின்றது. வீதியால் வந்த ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி நிறுத்தி, "ஏறுங்க அக்கா, காரை விடுங்க, அம்மாவைப் பாப்பம்" என்றார். அம்மா உரிய நேரத்தில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் ஒரு கராஜில், "பற்றரி போயிற்று டீச்சர், புதுசுதான் போட வேணும்" என்றார்கள். சம்பளத்தின் பெரும் பகுதியைக் கொடுத்துப் புதிய பற்றரி போட்டேன். பழையதைக் கடைக்காரரே எடுத்துக் கொண்டார். பத்தாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. "அப்ப டைனமோதான். அதையும் மாத்துவம்" என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் காரைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன்.

எமது அயற்கிராமத்தில் வாகன மின்சார வேலை செய்யும் வயதான ஒருவர் இருக்கின்றார். அவரை எல்லோரும் "வயரிங் பாஸ்" என்றே அழைப்பர். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்பு ஒரு சிறிய மீற்றரை என் கையில் தந்து, "நீங்களே அளந்து பாருங்க டீச்சர்" என்றார். அன்று அரை மணித்தியாலத்தில் நான் கற்றுக் கொண்டவற்றையும், பின்னர் தேடிப் படித்தவற்றையும்தான் இங்கு பகிர்ந்து கொள்கின்றேன்.

விளக்கு சொல்வது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நாம் களைந்துவிட வேண்டும். அந்த விளக்கில் பற்றரியின் படம் இருந்தாலும், "பற்றரி பழுது" என்பது அதன் பொருளல்ல. "பற்றரிக்கு மின் வந்து சேரவில்லை" என்பதே அது சொல்லும் செய்தி.

1990களில் மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்டதை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சுற்றுவதை நிறுத்தினால் வானொலியும் நின்றுவிடும். காரிலும் அதே ஏற்பாடுதான் உள்ளது. எஞ்சின் சுழலும்போது ஒரு இறப்பர் பெல்ற் மூலம் ஒல்ரனேற்றர் சுழற்றப்படுகின்றது. கராஜ்களில் இதனை இன்றும் டைனமோ என்றே சொல்கின்றனர். ஓடும் காருக்குத் தேவையான மின்சாரத்தை இதுவே தருகின்றது. அத்துடன் பற்றரியையும் நிரப்புகின்றது. பற்றரி ஒரு சேமிப்புப் பெட்டி மாத்திரமே. எஞ்சினைக் கிளப்புவதற்கு அது கொடுத்த மின்னை ஒல்ரனேற்றர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வருமானம் நின்ற வீட்டில் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பது போல, ஒல்ரனேற்றர் நின்ற கார் பற்றரியைக் கரைத்துக் கொண்டு ஓடும். எனது கார் இரண்டு நாட்கள் அவ்வாறுதான் ஓடியிருக்கின்றது.

சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாமல் இருக்கும்போது இவ்விளக்கு எரிய வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் பற்றரியிலிருந்து இவ்விளக்கினூடாக ஒல்ரனேற்றருக்குச் சிறிதளவு மின் செல்வதே இதற்குக் காரணம். எஞ்சின் ஓடி ஒல்ரனேற்றரும் மின் பிறப்பிக்கத் தொடங்கியதும் விளக்கின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். ஒரே மட்டத்தில் நீருள்ள இரண்டு தொட்டிகளை இணைக்கும் குழாயில் நீர் ஓடாதது போல விளக்கில் மின் ஓட்டம் நின்று அது அணைந்துவிடும். எனவே எஞ்சின் ஓடும்போது எரிந்தாலும் பிழை; சாவியைத் திருப்பும்போது எரியாது விட்டாலும் பிழை. பின்னையதில் குமிழ் எரிந்து போயிருக்கலாம், அல்லது வயர் அறுந்திருக்கலாம்.

பாதையில் எரிந்தால்...

பதற்றமடைய வேண்டியதில்லை. ஆயினும் நான் செய்தது போல அலட்சியம் செய்யவும் கூடாது. முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பல கார்களில் ஒல்ரனேற்றரைச் சுற்றும் அதே பெல்ற்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பியையும் சுற்றுகின்றது. விளக்கு எரிவதோடு வெப்பமும் ஏறினால், அல்லது ஸ்ரியரிங் திடீரெனக் கடினமானால் பெல்ற் அறுந்திருக்கக்கூடும். அப்போது உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓடினால் எஞ்சினே பழுதாகிவிடும்.

வெப்பம் சரியாக இருந்தால் குளிரூட்டி, வானொலி, காற்றாடி, தொலைபேசி மின்னேற்றி ஆகியவற்றை நிறுத்திவிட்டு அண்மையிலுள்ள பாதுகாப்பான இடத்துக்குச் செல்லலாம். இரவில் ஹெட்லைற்றை அணைக்கக் கூடாது. இடையில் எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் கிளம்பும் என்பது நிச்சயமில்லை.

எவ்வளவு தூரம் ஓடலாம்? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சிறிய கார்களில் 35 அம்பியர் மணி அளவுள்ள பற்றரி இருக்கும். 55 வாற் ஹெட்லைற் இரண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 9 அம்பியர் வேண்டும். எஞ்சினுக்கும் துடைப்பானுக்கும் காற்றாடிக்கும் சேர்த்தால் 20 அம்பியரை எட்டிவிடும். கணக்கின்படி முழுமையாக நிரம்பிய புதிய பற்றரி ஒன்றே முக்கால் மணித்தியாலம் தாங்க வேண்டும். ஆனால் பற்றரி முழுவதும் கரையும் முன்பே அழுத்தம் குறைந்து எஞ்சின் நின்றுவிடும். ஏற்கனவே பாதி கரைந்த பழைய பற்றரி எனக்குக் கால் மணித்தியாலம் தந்ததே பெரிது.

கை வைக்கும் முன்பு

வீட்டில் சோதிப்பதற்கு முன்னர் சில விடயங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பற்றரி முனைக்கும் காரின் உடலுக்கும் இடையில் தங்க மோதிரம் அகப்பட்டால் கண நேரத்தில் சூடேறி விரலைச் சுட்டுவிடும். கழுத்துச் சங்கிலியையும் தாலிக்கொடியையும் உள்ளே விட்டுக் கொள்ளுங்கள். கூந்தலை இறுக முடிந்து, சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக் கொள்ளுங்கள். ஓடும் பெல்ற் அவற்றை இழுத்துவிடும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் சில கார்களில் முன்னுள்ள மின்விசிறி தானாகச் சுழலும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பற்றரிக்குள் ஈயமும் ஐதான சல்பூரிக் அமிலமும் உள்ளன. மின்னேறும்போது தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவரும். எனவே அருகில் விளக்கு, தீக்குச்சி, சிகரெட் எதுவும் கூடாது. அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே பெருமளவு தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய பின் வைத்தியரை நாடுவது அவசியம்.

கண்ணால் பார்க்கும் சோதனை

எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக் கொண்டு பொனற்றைத் திறவுங்கள்.

முதலில் பெல்ற்றைப் பாருங்கள். அது இருக்கின்றதா, வெடித்துள்ளதா, விளிம்பு பிரிந்துள்ளதா, எண்ணெய் பட்டுள்ளதா? இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் சாதாரண பெல்ற் ஏறத்தாழ அரை அங்குலம் தாழலாம். அதிலும் கூடுதலாகத் தொய்ந்தால் அது வழுக்குகின்றது என்று பொருள். காலையில் கிளப்பும்போதும் மழை நாட்களிலும் "கிறீச்" என்ற சத்தம் கேட்பது இதற்கு மற்றொரு அடையாளம். தானாகவே இறுக்கிக் கொள்ளும் அமைப்புள்ள கார்களில் பெல்ற் இறுக்கமாகவே இருக்கும்.

அடுத்து பற்றரியின் இரு முனைகள். வெள்ளை அல்லது நீலப்பச்சை நிறத்தில் பூத்திருந்தால் மின் தடைப்படும. கையால் அசைத்துப் பார்க்கும்போது வளையம் ஆடினால் இணைப்புத் தளர்வாக உள்ளது. இதனைச் சுத்தம் செய்வதற்கு எமது சமையலறையிலுள்ள அப்பச்சோடாவே போதும். ஸ்பனரால் முதலில் மறை முனையைக் கழற்ற வேண்டும். பின்னரே நேர் முனையைக் கழற்ற வேண்டும். பூட்டும்போது நேர் முனை முதலாவதாகவும் மறை முனை கடைசியாகவும் வர வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் ஸ்பனர் காரின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். அப்பச்சோடாவை நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்தைத் துடைத்து, பூட்டிய பின் சிறிது வஸ்லின் பூசிவிடுங்கள். சோடா நீர் பற்றரிக்குள் போகாது பார்த்துக் கொள்ளுங்கள்.

மறை முனையிலிருந்து காரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் தடித்த வயரையும் பாருங்கள். கடற்கரையோரத்தில் வாழும் எமக்கு உப்புக் காற்றால் இவ்விடம் துருப்பிடிப்பது சகசம். பின்னர் பியூஸ் பெட்டியில் உரிய பியூஸ் எரிந்துள்ளதா எனப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவு பியூஸையே போட வேண்டும். கம்பியோ வெள்ளித் தாளோ வைத்து ஒப்பேற்றுவது காரைத் தீக்கு இரையாக்கும்.

மீற்றரால் மூன்று அளவுகள்

மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று இதற்குப் போதுமானது. நேரோட்ட வோல்ற் அளவில், 20 என்ற இலக்கத்தில் அதனை வைத்துக் கொள்ளுங்கள். சிவப்புக் கம்பியை நேர் முனையிலும் கறுப்புக் கம்பியை மறை முனையிலும் பிடிக்க வேண்டும்.

முதலாவது அளவு, இரவு முழுவதும் கார் ஓய்ந்திருந்த பின் காலையில் எடுக்க வேண்டும். 12.6 வோல்ற் அல்லது அதற்குச் சற்று மேல் எனில் பற்றரி நிரம்பியுள்ளது. 12.4 எனில் முக்கால் பங்கு, 12.2 எனில் அரைப் பங்கு, 12.0 எனில் கால் பங்கு எனக் கொள்ளலாம்.

இரண்டாவது அளவு, வேறொருவரைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பச் சொல்லி அந்தக் கணத்தில் பார்ப்பது. எண் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழக் கூடாது. நன்கு நிரம்பிய பற்றரியிலும் அவ்வாறு விழுந்தால் பற்றரி பலவீனமடைந்துள்ளது எனலாம்.

மூன்றாவது அளவுதான் எமது விளக்குக்கு விடை சொல்வது. எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை காட்ட வேண்டும். ஹெட்லைற்றையும் காற்றாடியையும் போட்டு, சற்று வேகத்தைக் கூட்டினாலும் 13 வோல்ற்றுக்கு மேலேயே நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் 12.4, 12.3, 12.2 என்று எண் இறங்கிக் கொண்டே போனால் ஒல்ரனேற்றரிலிருந்து மின் வரவில்லை. 15 வோல்ற்றைத் தாண்டினால் கட்டுப்படுத்தும் கருவி பழுது. அது பற்றரியைக் கொதிக்க வைத்துவிடும். சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கணினி இந்த அளவை வேண்டுமென்றே கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஓரிரு நிமிட அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இன்னுமொரு நுட்பமான சோதனை உண்டு. எஞ்சின் ஓட, ஹெட்லைற் எரிய, சிவப்புக் கம்பியை ஒல்ரனேற்றரின் பின்னாலுள்ள தடித்த முனையிலும் கறுப்புக் கம்பியைப் பற்றரியின் நேர் முனையிலும் வைத்தால் 0.2, 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டினால் இடையிலுள்ள வயரிலோ இணைப்பிலோதான் கோளாறு உள்ளது. ஓடும் பெல்ற்றுக்கு அருகில் கை போவதால் இதனை அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே செய்யுங்கள்.

எனது காரில் அன்று என்ன நடந்தது? பெல்ற் இறுக்கமாக இருந்தது. முனைகள் சுத்தமாக இருந்தன. பியூஸும் நன்றாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது மீற்றர் 12.3 காட்டியது. "இப்ப விளங்குதா டீச்சர், பற்றரி பாவம். வருமானம் இல்லாம என்ன செய்யும்?" என்றார் பாஸ். ஒல்ரனேற்றரைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளே இரண்டு சிறிய கரித்துண்டுகள் தேய்ந்து குட்டையாகிக் கிடந்தன. சுழலும் பகுதிக்கு மின்னைக் கொண்டு செல்லும் இவற்றைப் "பிறஸ்" என்கின்றனர். ஒரு நேரம் தொட்டும் ஒரு நேரம் தொடாமலும் இருந்ததால்தான் புதிய பற்றரி போட்டதும் சில நாட்கள் சரியாகியது போலத் தோன்றியிருக்கின்றது. அந்தக் கரித்துண்டுகளின் விலை, நான் வாங்கிய பற்றரியின் விலையோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. எனது பழைய பற்றரியை மின்னேற்றிப் பார்த்திருந்தால் அதுவே இன்னும் ஓரிரு வருடம் உழைத்திருக்கக்கூடும்.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, "நிக்குதா பார்ப்பம்" என்று சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்நேரத்தில் திடீரென எழும் உயர் அழுத்தம் காரின் கணினியையும் ஒல்ரனேற்றரையும் பழுதாக்கிவிடும். அவ்வாறு செய்ய யாரையும் அனுமதியாதீர்கள்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விட வேண்டும். கிணற்று நீரோ, குழாய் நீரோ, அமிலமோ விடக் கூடாது.

டொயோட்டா பிரியஸ், அக்குவா போன்ற கலப்பு வாகனங்களில் மேலே சொன்ன ஒல்ரனேற்றர் இல்லை. உயர் அழுத்த மின்கலத் தொகுதியிலிருந்து 12 வோல்ற் பற்றரிக்கு மின் இறங்கி வருகின்றது. அவற்றிலுள்ள செம்மஞ்சள் நிற வயர்களில் உயிராபத்தான மின் இருக்கும். அவற்றைத் தொடவே கூடாது.

பழைய பற்றரியை வீட்டு முற்றத்தில் போட்டு வைப்பதோ உடைப்பதோ ஆபத்து. அதிலுள்ள ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழிப்பார்கள்.

கராஜில் என்ன கேட்கலாம்?

எல்லாத் திருத்தங்களையும் நாமே செய்ய வேண்டும் என்பதல்ல எனது கருத்து. ஒல்ரனேற்றரைப் பிரிப்பது தொழில் தெரிந்தவரின் வேலை. ஆனால் எங்கே கோளாறு என்று ஓரளவு தெரிந்து கொண்டு போவதற்கும், எதுவும் தெரியாமல் கைகட்டி நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. "விளக்கு எரியுது" என்று மட்டும் சொல்லாமல், "எஞ்சின் ஓடும்போது 12.3 காட்டுகின்றது, பெல்ற்றும் முனைகளும் சரி" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும். "பற்றரியை மாற்று முன் சோதித்துக் காட்டுங்கள்", "ஒல்ரனேற்றரைப் புதிதாகப் போடாமல் பிறஸ் மட்டும் மாற்ற முடியுமா?", "கழற்றிய பழைய பாகத்தைத் தாருங்கள்" என்று கேட்பது எமது உரிமை. நேர்மையான தொழிலாளி இதற்காகக் கோபிக்க மாட்டார்.

அம்மா இன்றும் எங்களோடு இருக்கின்றார். காரின் சிறு பெட்டிக்குள் மீற்றர் ஒன்று எப்போதும் இருக்கின்றது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் பொனற்றைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் முச்சக்கர வண்டியில் அதே சிவப்பு விளக்கு எரிந்தது. "அக்கா, புதுப் பற்றரிக்குச் சீட்டுக் காசை எடுக்கப் போறன்" என்று சொல்லிக் கொண்டு வந்தாள். "கொஞ்சம் பொறு, முதல்ல வளையலைக் கழற்று" என்றேன். இருவருமாகப் பார்த்தோம். மறை முனையின் வளையம் தளர்ந்து பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு கரண்டி அப்பச்சோடாவும் ஒரு ஸ்பனரும்தான் செலவாயின. சீட்டுக் காசு மகளின் பாடசாலைச் சப்பாத்துக்குப் போனது.